மெயினை அணைத்தது யார்?

பாண்டிச்செல்விக்குக் கோபம் வந்தால் கோவில்பட்டி தாங்காது என்பார்கள். தாங்க வேண்டாம். எங்கள் தீப்பெட்டி ஆபீசில் அவளைப் போல வேலை தெரிந்தவள் இன்னொருத்தி கிடையாது. பசுவந்தனையிலிருந்து பஸ் ஏறி வந்து, நான்கு வருடம் எங்களோடு குச்சி அடைத்து, சாயங்காலங்களில் கம்ப்யூட்டர் படித்து ஆபீஸ் அறைக்குப் போனவள்.

வெளிநாட்டு வியாபாரிகள் இன்டர்நெட்டில் அனுப்பும் லேபிள் படங்கள் பத்து ஜிபிக்குக் குறையாது. அவற்றைக் கம்ப்யூட்டரில் இறக்க அவளே ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன புரோகிராம், எழுதியிருந்தாள். தட்டிவிட்டால் தானாக இறங்கும். ஒரே குறை, அது ஓடும்போது கறுப்புத் திரையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

அன்று ஐந்து மணிக்குள் படம் போகாவிட்டால் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அச்சகத்துச் செண்பகராஜ் சொல்லியிருந்தார். லேபிள் இல்லையென்றால் எங்கள் நாற்பது பேருக்கும் ஒரு வாரம் வேலையில்லை. பத்தரைக்கே தட்டிவிட்டாள்.

ஒன்றரைக்கு அவள் சாப்பிடப் போனபோது முதலாளி அய்யாத்துரை அண்ணாச்சி வந்தார். தீக்குச்சி மருந்து புழங்கும் இடத்திலேயே வளர்ந்தவர். சும்மா நிற்கும் மெஷினில் கரண்ட் இருந்தால் தீப்பிடித்துவிடும் என்று பதறுவார். திரையில் ஒன்றும் அசையவில்லை. மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். மூன்று மணி நேரம் பாழாய்ப் போனது.

"கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா அண்ணாச்சி? ஒரு வார்த்த கேக்கப்படாதா?"

"ஒண்ணுமே ஓடலயேம்மா! நான் என்னத்தக் கண்டேன்?"

அதில் நியாயம் இருந்ததால் அவளுக்கு இன்னும் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கிரிப்டில் நாலு வரி சேர்த்தாள். எத்தனை சதவீதம், இன்னும் எத்தனை நிமிடம் என்று திரையில் ஓட ஆரம்பித்தது. இரண்டு மணிக்கு முதலிலிருந்து இறக்கினாள்.

ஐந்து மணிக்கு எண்பத்து மூன்று சதவீதம். மீதி முப்பத்தேழு நிமிடம். செண்பகராஜ் போன் செய்தார். அண்ணாச்சி எடுத்து, "நம்ம பிள்ள ஏதோ தப்பா அமுக்கிட்டா..." என்று இழுத்தார்.

அவ்வளவுதான். போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்தாள். நாங்கள் வாசலில் கூடிவிட்டோம்.

"யாரு அமுக்குனது? சொல்லுங்க அண்ணாச்சி! எம் பேரு கெட்டா நாளைக்கு எவன் எனக்கு வேல குடுப்பான்?"

அண்ணாச்சி எங்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"நாந்தான் செண்பகராஜு, மெயின அணைச்சுட்டேன். அவ மேல தப்பில்ல. முப்பத்தாறு நிமிசம் பொறு."

"அதென்ன முப்பத்தாறு?"

"திரையில ஓடுது. பாண்டிச்செல்வி எழுதி வச்சிருக்கா."

"சரி, மெஷின நிறுத்தி வைக்கேன்," என்றார் செண்பகராஜ். "நீங்க மொதல்ல அந்த ரூம விட்டு வெளிய வாங்க."