கடிகாரம் வந்தால் கை கனக்க வேண்டும்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். கோபப்படாமல் சொல்லக்கூடிய கதையா இது? என் அண்ணியின் கதை. சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் வரிசையில் முதல் மெஷின் அவளுடையது, அடுத்தது என்னுடையது. கம்பெனி முழுக்க அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். துணியை எடுத்தாள் என்று பார்ப்பதற்குள் காலர் தயாராகி விழுந்திருக்கும். ஒரு தடவைகூட அவள் தைத்தது கோணல் என்று திரும்பி வந்ததில்லை.

எங்களுக்குப் பீஸ் கணக்கில்தான் கூலி. புது மாடல் வந்தால், ஒரு காலர் தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து ரேட் போடுவார்கள். அதற்கென்றே கையில் கடிகாரத்தோடு ஒருத்தர் வருவார். அவர் தலை தெரிந்தால் போதும், வரிசையில் எல்லோருக்கும் கை கனத்துவிடும். நூல் அறும், பாபினில் சுற்றிய நூல் தீரும், ஊசி மாற்ற வேண்டியிருக்கும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. வேகமாகத் தைத்துக் காட்டினால் அந்த வேகத்துக்குத்தான் ரேட். அப்புறம் நாள் முழுக்க அப்படியே ஓட முதுகு என்ன இரும்பா?

இதெல்லாம் அண்ணிக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குக் கடிகாரக்காரரோடு மேனேஜரும், சட்டை வாங்குகிற பெரிய மனிதர்கள் சிலரும் வந்து அவள் பின்னால் நின்றார்கள்.

“எங்க எக்ஸ்பிரஸ் தைக்கறதைப் பாருங்க சார். இந்தக் கை எங்கயும் கிடைக்காது” என்றார் மேனேஜர்.

அவ்வளவுதான், அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளையும் குறை சொல்லக்கூடாது. வீட்டில் என் அண்ணன் அவளை ஒருநாள் பாராட்டியிருப்பானா? “என்ன பெரிய தையல், ஊர்ல இல்லாத தையல்” என்பான். அன்றைக்குத்தான் நாலு பேர் வாயைப் பிளந்து நிற்கிறார்கள், ஒருத்தர் செல்போனில் படம் எடுக்கிறார். நான் மெஷினுக்கு அடியில் காலால் அவள் காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டாளே தவிர, கையை நிறுத்தவில்லை. பறந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்த வாரம் புது ரேட் வந்தது. காலருக்குக் கூலி குறைந்தது, ஒரு நாளைக்குத் தைக்க வேண்டியது கூடியது. அண்ணியாலேயே மதியத்துக்கு மேல் அந்த வேகத்தில் ஓட முடியவில்லை. எங்களில் மூத்தவரான பெரியக்காவுக்குக் கண் கொஞ்சம் மங்கல், அந்தக் கணக்கை எட்டவே முடியவில்லை. அவரைப் பிசிறு நூல் வெட்டும் மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கூலி பாதிதான். அந்தக் கூலியில்தான் அவர் படுக்கையில் கிடக்கிற புருஷனைப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். “ஏன் அண்ணி, கை தட்டினாங்களே, அதை வச்சு உலை வைக்கலாமா?”

அண்ணி டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து அவளை யாரும் எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடவில்லை, எதுவும் சொல்லியே கூப்பிடவில்லை. அவள் மேனேஜரிடம் போய் ரேட்டை மாற்றச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தாள். “நீங்கதானேம்மா தைச்சுக் காட்டினீங்க?” என்று சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டு ஒரு சட்டையைப் பெட்டியோடு பரிசாகக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் அண்ணன் பெட்டியைப் பிரித்தான். விலை அட்டை சட்டையிலேயே தொங்கியது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அடியே, இது உன் ஒரு வாரக் கூலிடி!”

“ஒரு சட்டையா?”

“ஒரே ஒரு சட்டை.”

அண்ணி காலரைத் தடவிப் பார்த்தாள். அவள் தைத்ததுதான். முனையில் அவள் போடுகிற இரட்டைத் தையல் எனக்கே தெரிந்தது. “இவ்வளவு விலைக்கு விக்கறாங்க. இதுல பெரியக்கா கூலியைக் குறைக்க நான்தான் கிடைச்சேனா?” என்றாள். அண்ணன் அதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டான். ஒரு வாரக் கூலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எப்படி நிம்மதியாக வேர்ப்பது என்று கேட்டான். சட்டை பீரோவுக்குள் போனது.

மறுபடி புது மாடல் வந்தது. கடிகாரக்காரரும் மேனேஜரும் நேராக அண்ணியிடம்தான் வந்தார்கள். வரிசையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. புகழ்ச்சி பொல்லாதது, மறுபடி மயங்கிவிட்டால்?

அண்ணி மெதுவாகத் தைத்தாள். நூலை அறுத்தாள், பிரித்தாள், திரும்பத் தைத்தாள். கடைசியில் மேனேஜர் காலரைத் தூக்கிப் பிடித்தார். ஒரு முனை ஒரு பக்கம், மறுமுனை இன்னொரு பக்கம்.

“என்னம்மா இது? வயசாயிடுச்சா?”

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“ஆமா சார்” என்றாள் அண்ணி. காது மடல் வரை சிவந்திருந்தது. அவர் காலரைக் கழிவுப் பெட்டியில் வீசினார். முதல் மெஷினை விட்டுக் கடைசிக்குப் போகச் சொன்னார். அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் தாண்டி நடந்து போனாள். சாப்பாட்டு அறையில் அவ்வளவு பேசிய என் வாய் அப்போது எங்கே போனதோ. வெட்கமாக இருந்தது.

இந்தத் தடவை அன்று சாயங்காலமே புது ரேட் வந்தது; கூலியும் நாள் கணக்கும் பழையபடி ஆகிவிட்டன.

அன்று வேலை முடிந்ததும் அண்ணி யாருக்கும் முகம் காட்டாமல் வேகமாக நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். “கோணலா தைச்சேன்டி, என் கையாலயே” என்றாள். “அன்னிக்கு வேகமா தைச்சும் அசிங்கம், இன்னிக்கு மெதுவா தைச்சும் அசிங்கம். இனி எந்த மூஞ்சியோட நான் அங்க உக்கார்றது?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெரியக்கா. மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்.

“ஏய் எக்ஸ்பிரஸ், மெதுவா போயேன்டி. நாளைக்கு என்னை வரிசைக்கு வரச் சொல்லிட்டாங்க. கடைசி மெஷின் பக்கத்துலதான் இடம்.”

அண்ணி நின்றாள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியக்கா பக்கத்தில் வந்து சேரும்வரை தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.