சாஆவில் ஒட்டியபடி இருந்த கவரும் அப்பா பார்த்த பறக்கும் தட்டும்

போன சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு ஜொகூர் மாநிலத்து உலு திராமிலிருந்து சாஆ டவுனுக்குக் கிளம்பினேன். சனிக்கிழமை தூக்கத்தை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை நான். ஒரு போன் வந்தது, தப்பிக்க வழியில்லாமல் போனேன்.

கூப்பிட்டவர் சிசிலியா டீச்சர். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்து நாலு வயது. அவருடைய அப்பா சாஆ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் காயத்துக்கு மருந்து கட்டுகிற ஆஸ்பத்திரி டிரஸ்ஸராக இருந்தவர். அந்தக் காலத்தில் ஒரு தியான வட்டம் நடத்தியிருக்கிறார். என் அப்பா மாரிமுத்துவும் அதில் ஓர் ஆள்.

"தம்பி, மாசக் கடைசியில நான் மக வீட்டுக்கு மெல்பர்ன் போறேன். உங்கப்பா எழுதி ஒட்டின கவர் ஒன்னு என்கிட்ட இருக்கு. நீங்க வரலன்னா எரிச்சிடுவேன்" என்றார். தபாலில் அனுப்பக் கூடாதா என்று கேட்டேன். "வட்டத்துச் சட்டம் அப்படி இல்ல லா. எழுதினவங்க, இல்லன்னா அவங்க பெத்த பிள்ளைங்க, நேர்ல வந்துதான் பிரிக்கணும்." அலமாக்! வட்டமே இல்லை, சட்டம் மட்டும் இருக்கிறது.

அந்த வட்டத்தின் மேல் எனக்கு என்ன எரிச்சல் என்று சொல்லிவிடுகிறேன். நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு விடியற்காலை அந்தக் கூட்டம் தோட்டத்துத் திடலில் உட்கார்ந்து பறக்கும் தட்டைப் பார்த்ததாம். அதில் பதினொரு பேர் பெரட்டுக்குப் பிந்திவிட்டார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். மேனேஜர் விசாரித்தபோது அப்பா முன்னால் போய் "எல்லாம் என்னாலதான்" என்று சொல்ல, அவரை மட்டும் தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். லாயாங் லாயாங் என்ற ஊரில் தண்டவாள வேலைக்கு வந்தார். நான் வளர்ந்தது அங்கேதான், "தட்டுக்காரன் மகன்" என்ற பேரோடு. பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் என் தட்டைப் பிடுங்கி மேலே வீசி, "டேய், உங்கப்பாவக் கூப்பிடு, பார்க்கட்டும்" என்பார்கள். அப்பா நிஜமாகவே எதையாவது பார்த்தாரா, கதை விட்டாரா? அறுபதை நெருங்குகிறேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு இது தெரிந்தாக வேண்டும்.

நெடுஞ்சாலையில் யோங் பெங் வரை தொல்லை இல்லை. எட்டேகாலுக்கு இறங்கி இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக் டீ, ஆறு வெள்ளி எண்பது காசு. அதற்கப்புறம்தான் போனில் இருக்கிற மேப் தன் வேலையைக் காட்டியது. குறுக்குவழி என்று, பாமாயில் எடுக்கிற செம்பனைக் காட்டுக்குள் கொண்டுபோய், "நீங்கள் வந்துசேர்ந்துவிட்டீர்கள்" என்றது. சுற்றிலும் மரம், மண் சாலை, ஒரு மாடு. குலை ஏற்ற வந்த லாரிக்காரர் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார். "அண்ணே, இது எங்க லாரி போற ரோடு. வந்த வழியே திரும்பிப் போங்க. கார் புதைஞ்சா இழுக்க என்கிட்ட கயிறு இல்ல." அரை மணி நேரம் வீண். மேப்பைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

டீச்சர் வீடு டவுனிலேயே இருக்கிறது. பத்தேகாலுக்குச் சேர்ந்தேன், மீட்டரில் 146 கிலோமீட்டர். கவரைக் கொடுப்பார் என்று பார்த்தால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். "கால் மணி நேரம் பேசாம உட்காருங்க. போனை அடைச்சிருங்க." இவ்வளவு தூரம் வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட அப்புறம்தான். உட்கார்ந்தேன், வேறென்ன செய்ய?

பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்தார். மறுபிறவி, ஆன்மா என்று கட்டுரை போட்ட பழைய சஞ்சிகைகள். நடுநடுவே பறக்கும் தட்டுப் படங்கள். உடம்பை விட்டு உயர்ந்த ஞானிகள் வேறு உலகங்களில் இருக்கிறார்கள், அணுகுண்டு போட்ட மனிதனைத் திருத்தத் தட்டில் வருகிறார்கள் என்பது இவர்கள் நம்பிக்கை. உடம்பே மாயை, தட்டு மட்டும் எப்படி நிஜம்? இதையே ஒருவர் அப்போதே கேட்டிருக்கிறார். டிரஸ்ஸர் சொன்ன பதிலும் குறிப்பேட்டில் இருக்கிறது: "முருகனுக்கு மயில் எதற்கு? நம் கண்ணுக்காகத்தான்." கிறிஸ்தவ வேதக்காரர் சொன்ன பதிலைப் பாருங்கள்! எரிச்சலை மீறிச் சிரித்துவிட்டேன்.

கவர் வழக்கத்தையும் டீச்சர் விளக்கினார். ஒருவர் சொல்வதைக் கேட்டு இன்னொருவர் தான் கண்டதை மாற்றிவிடக் கூடாது. அதனால் தியானம் முடிந்ததும் வாய் திறக்காமல் ஆளுக்கொரு தாளில் எழுதி ஒட்டிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துக் கூடிப் பிரிப்பதாக ஏற்பாடு. அதற்குள் மேனேஜர் வட்டத்தையே மூடிவிட்டார்.

"எங்கப்பா கவரைப் பிரிச்சேன். ரெண்டு வெளிச்சம், தட்டு மாதிரி, சத்தமே இல்லன்னு எழுதியிருந்தாரு. ஆனா சாகிற வரைக்கும் சொல்வாரு, மாரிமுத்துதான் நல்லா பார்த்திருப்பான், அந்தத் தைரியத்துலதான் முன்னால போனான்னு."

கவரை என் கையில் கொடுத்தார். கிழித்தேன். அப்பாவின் சாய்ந்த எழுத்து.

"நான் மேலே பார்க்கவில்லை. நேரம் பார்ப்பது என் பொறுப்பு. ஐந்தேகாலுக்கு மணி அடித்திருக்க வேண்டும். எல்லாரும் வானத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். அடிக்க மனம் வரவில்லை. இப்போது ஐந்து நாற்பது. பெரட்டு முடிந்திருக்கும்."

அவ்வளவுதான். இரண்டு தடவை படித்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மனுஷன் பார்க்கவே இல்லை! கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "என்னாலதான்" என்று சொன்னது மணியைப் பற்றி. ஊர் அதைத் தட்டாக்கிவிட்டது, அவரும் வாயே திறக்கவில்லை.

டீச்சர் தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "மணி அடிச்சிருந்தா எங்கப்பா அதைப் பார்த்திருக்கவே மாட்டாரு, தம்பி. கடைசிவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் சந்தோஷப்பட்டாரு."

"அது சரி டீச்சர், நாங்க பட்டது?" என்று கேட்டேன். அவர் எழுந்தார். உள்ளே போய் மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். நான் அந்த நாற்காலியில் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரும் சொல்லாமலே.

போக நினைக்கிறவர்களுக்கு: யோங் பெங்கில் இறங்கி பெரிய சாலையிலேயே போங்கள், மேப் குறுக்குவழி காட்டினால் கேட்காதீர்கள். டோல், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு எண்பத்தைந்து வெள்ளி ஆனது. இன்னும் நாலு கவர் பிரிக்காமல் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது அந்தப் பக்கத் தோட்டத்தில் தியான வட்டத்தில் இருந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், டீச்சரிடம் சொல்கிறேன். மாசக் கடைசி வரைதான்.

அப்பா உயிரோடு இருக்கிறவர்கள் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். நான் என் அப்பா மேல் கத்தியிருக்கிறேன், கணக்கில்லாத தடவை. "அன்னைக்கு என்னப்பா நடந்துச்சு?" என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.