நான் போகாத ஏதென்ஸ்

பயணச்சீட்டு விற்பவளின் வேலை, எல்லோரையும் அனுப்பிவைத்துவிட்டுக் கதிரையில் இருப்பது. கலியாண வீட்டில் கடைசிப் பந்திவரை பரிமாறிவிட்டுச் சாப்பிடாமல் வீடு திரும்பியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் இனம்.

சிட்னியில், ஹோம்புஷில் ஒரு தோசைக் கடைக்குப் பக்கத்தில் எங்கள் பயண முகவர் அலுவலகம். கிரேக்க நாகரிகத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள் என்பதால், முதலாளி ஏதென்சை என் பொறுப்பில் விட்டார். அக்ரோபோலிஸ் குன்றில் எந்தப் படி வழுக்கும், கோயில் தூண்களில் எந்த நேரத்து வெயில் தேன் நிறமாக விழும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். போனதுதான் இல்லை. முதலில் மகனின் படிப்பு, பிறகு கணவரின் நோய், அவர் போனபின் என் முழங்கால்.

ராகுவும் கூடப் போனார்

வென்ட்வேர்த்வில்லில் இருந்து ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் மனைவியுடன் வந்தார். குன்றில் நெரிசலைக் குறைக்க, குறித்த ஒரு மணித்தியாலத்துக்குள்தான் உள்ளே விடுவார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த மனிசி ராகுகாலத்தில் கோயில் வாசல் மிதிக்கமாட்டா, அது எந்தத் தேசத்துக் கோயிலானாலும். நான் சுவரில் தொங்கிய சிட்னிப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் முடிகிறது. பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குள் என்று பதிந்து கொடுத்தேன்.

அங்கே அது கோடைகாலம், பகல் நீண்டால் ராகுகாலமும் பிந்தும் என்பதை யோசிக்கவில்லை. வாசலில் நின்று மனிசி தன் கைபேசியில் பார்த்தால், ஏதென்சின் ராகுகாலம் அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஒன்றரை மணிவரை ஒலிவ் மரத்தடியில் இருந்தார்களாம். பிறகு போனால் உள்ளே விடவில்லை. இதைக் கேட்டபோது வாய் மன்னிப்புக் கேட்டது. மனதுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எட்டிப் பார்த்தது. அதை நான் இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. கணக்காளர் கோபிக்கவில்லை. "தங்கச்சி, நீர் சிட்னி ராகுவைத்தான் தடுத்தீர். ஏதென்ஸ் ராகு எங்களைப் பார்த்துக்கொண்டு வாசலிலயே நிண்டவன்" என்றார்.

உடைந்தவை

அடுத்தவர் ஒரு மருத்துவர், யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பத்தோடு போய் நான்கு நாள் நின்று வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். தாகத்தோடு கேட்டேன் என்பதை அவர் கவனித்திருக்க முடியாது. வெயில் என்றார். கல் என்றார். பிள்ளைகளுக்குச் சோறு தேடித் திரிந்ததைச் சொன்னார். இந்த மனிதனுக்குக் கிடைத்த நான்கு நாளை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த பயணத்துக்கான தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், அவர் கடைசியாக ஒன்று சொன்னார். அதன் பிறகு என் வயிற்றெரிச்சல் இருந்த இடம் தெரியவில்லை. "கூரை இல்லாத கட்டிடம்தானே அன்ரி, எங்கட வீட்டை விட்டுட்டு வரேக்கையும் அப்பிடித்தான் நிண்டது."

ஒரு கூழாங்கல்

நகரத்தை நோகடிக்காமல் பார்ப்பது எப்படி என்று ஒரு துண்டுப்பிரசுரம் உண்டு. தமிழாக்கம் என்னுடையது. நடந்தே பாருங்கள், தண்ணீர்ப் போத்தலைத் திரும்ப நிரப்புங்கள், உள்ளூர்க்காரரின் சின்ன விடுதியில் தங்குங்கள், அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்து வராதீர்கள். கடைசி வரிக்காக ஒரு மாலை முழுவதும் சொல் தேடினேன்.

மெல்பேர்ண் ஸ்பிரிங்வேலில் இருந்து, ஏதென்ஸ் போய்வந்த ஒரு பெண் எனக்குப் பார்சல் அனுப்பினாள். உள்ளே, டிஷ்யூவில் சுற்றிய ஒரு கூழாங்கல். அக்ரோபோலிஸ் குன்றில் பொறுக்கியது. உடனே தொலைபேசியில் அழைத்து, பிரசுரத்தை வாசிக்கவில்லையா என்று கேட்டேன். "வாசிச்சனான் அன்ரி, வடிவா எழுதியிருந்தீங்கள். அதுதான் உங்களுக்கு எண்டு எடுத்தனான்" என்றாள். திட்டவேண்டியவள் நான். கல்லைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

படிவம்

இந்த வருடம் ஏதென்ஸ் சுற்றுலா நிறுவனம் ஒன்று, எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரை விருந்தினராக அழைத்தது. பேருந்து இல்லாத பயணம். நாளுக்கு எட்டுக் கிலோமீட்டர் நடக்க முடியுமா என்று படிவம் கேட்டது. நான் பொய் எழுதப் பழகாதவள். இடம் திவ்யாவுக்குப் போனது. சென்னைப் பெண், இருபத்தெட்டு வயது, ஏதென்ஸ் எந்தக் கடலோரம் என்று என்னிடம் கேட்டவள். அவளுக்குப் பதின்மூன்று பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் பொறாமையோடுதான் எழுதினேன். கூடவே அந்தக் கல்லையும் கொடுத்து, எடுத்த இடத்தில் வைத்துவிடச் சொன்னேன். முதலாளி என் மேசைக்கு வந்து சமாதானம் சொன்னார். "மேடம், நீங்க போனா இங்க யாரு ஏதென்ஸ் பத்திச் சொல்லுவாங்க?"

திவ்யா திரும்பினாள்

கறுத்துப்போய் வந்தாள். அவளை ஏறிட்டுப் பார்க்காமல் இருக்க, நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளாகவே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வழிகாட்டி ஒரு தூணைப் பற்றித் தப்பாகச் சொன்னாராம். இவள் என் குறிப்பைப் பார்த்துத் திருத்தினாளாம். எத்தனை தடவை வந்திருக்கிறாய் என்று அவர் கேட்டாராம். எங்கள் அலுவலகத்தில் ஒரு ஆன்ட்டி ஏதென்சிலேயேதான் குடியிருக்கிறார் என்றாளாம்.

பிறகு பையைத் திறந்து, அதே டிஷ்யூவை என் மேசையில் வைத்தாள். கல் உள்ளேயே இருந்தது. "நான் வைக்கல ஆன்ட்டி. நடக்க முடியாதவங்களுக்கு அங்க லிஃப்ட் இருக்கு, நானே பார்த்தேன். நீங்களே போய் வைங்க."

பத்தொன்பது வருடமாக வழுக்கும் படியை மட்டும் தெரிந்துவைத்திருந்த நான், அன்று மதியம் ஏதென்ஸ் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்து, என் பெயரைப் பதிந்தேன்.

ஏதென்சுக்கு இதுவரை எந்தக் கேடும் செய்யாத ஒரே சுற்றுலாப் பயணி நான்தான். அந்தப் பெருமையை வரும் ஒக்டோபரில் இழக்கப்போகிறேன்.