மடி சும்மாதானே இருக்குது

"ஏம்மா, மடி சும்மாதானே இருக்குது, இப்டி குடு."

கேட்கும்போதே சூசை மேரியின் இரண்டு கைகளும் நீண்டுவிடும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் சாயங்கால பஸ்ஸில், ஒரு கையில் கம்பியும் இன்னொரு கையில் குழந்தையுமாகத் தள்ளாடும் பெண் யாராக இருந்தாலும் இதே பேச்சுதான். அவள் யோசித்துப் பதில் சொல்வதற்குள் குழந்தை இடம் மாறியிருக்கும். வந்த குழந்தையை அக்குளில் கைகொடுத்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பார். "பதினெட்டு நம்பரு கவுனா போடுற? புடிக்குது பாரு. இருபது எடு." அதோடு விடமாட்டார். தலையை நிமிர்த்திப் பின்படி வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பார். "பச்சமுத்து, பாத்துக்கினியா? தோ, மாம்பழக் கலர் பொடவ. அதான் இதுக்கு அம்மா. பொறவு எம்மேல பழி வரக் கூடாது."

"பாத்துக்கினேன்க்கா" என்பார் கண்டக்டர் பச்சைமுத்து. பஸ்ஸில் பாதிப் பேர் விஷயம் தெரிந்து சிரிப்பார்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சூசை மேரிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விழுப்புரம் கடைத்தெருவில் ஒரு ரெடிமேட் கடையில் குழந்தைகள் பிரிவு அவருடையது. கழுத்தில் மாட்டிய அளவு டேப்பைக் கழற்ற மறந்து, அதோடேயே பஸ் ஏறிவிடுகிற நாட்கள் நிறைய. வீடு கூட்டேரிப்பட்டில். கணவர் சின்னப்பராஜ் நெடுஞ்சாலை ஓரமாக லாரி டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். இரண்டு மகன்கள், இருவரும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள், துணி துவைக்க மட்டும் ஊருக்கு வருகிறார்கள்.

குழந்தை என்றால் உருகுகிறவர் என்று இவரை நினைத்துவிட வேண்டாம். மடிக்கு வந்த குழந்தையைக் கொஞ்சமாட்டார், முத்தம் கொடுக்கமாட்டார். மார்க்கெட் பையைப் போலத்தான் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொள்வார். உண்மையில் பையையும் வாங்கி வைத்துக்கொள்வார். கறிகாய்ப் பை, டிபன் கேரியர், ஒரு தடவை கால் கட்டிய உயிர்க்கோழி. "நிக்கிறவங்களுக்கு ரெண்டு கை வேணும். குந்தினவங்களுக்கு இன்னாத்துக்கு?" என்பது அவர் கட்சி. பேசத் தெரிந்த குழந்தைகள் அவருக்கு ஆகாது. "கேள்வி கேட்டே சாவடிக்கும். வாய் வராத வயசுதான் பஸ்ஸுக்கு லாயக்கு."

அந்த மடி இடையில் சில மாதம் காலியாகப் போய் வந்தது. அந்தக் கதையை அவர் தவணை முறையில்தான் சொல்வார். விக்கிரவாண்டி வரைக்கும் ஒரு நாள், டோல்கேட் வரைக்கும் ஒரு நாள். அதே கடையில் வேலை பார்த்து, அதே பஸ்ஸில் போகும் நான் கேட்டுச் சேர்த்து வைத்தது இது.

போன வருஷம் ஒரு முகூர்த்த நாள். பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. புள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று எல்லோர் போனிலும் ஏதோ ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்த நேரம். இளவரசி என்ற சின்ன வயதுப் பெண், திண்டிவனத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டவள், ஒன்றரை வயது மகளோடும் இரண்டு பையோடும் ஏறினாள். சூசை மேரி வழக்கம்போல் கேட்டார், அவளும் கொடுத்தாள். கூட்டம் அவளை நெட்டி நெட்டிப் பின்படிக்குக் கொண்டுபோய்விட்டது. விக்கிரவாண்டியில் இறங்குகிறவர்களுக்கு வழிவிடப் படியில் நின்றவர்கள் எல்லோரும் கீழே இறங்கினார்கள். இளவரசியும் இறங்கினாள். திரும்ப ஏறுவதற்குள் பச்சைமுத்து விசிலை ஊதிவிட்டார்.

டோல்கேட் தாண்டிக் குழந்தை அம்மாவைத் தேடி அழுதபோதுதான் சூசை மேரி திரும்பிப் பார்த்தார். அம்மா இல்லை. கத்தி பஸ்ஸை நிறுத்தினார். "எறங்கி எதிர்ப் பஸ்ல போய்க் குடுத்துடுக்கா, எனக்கு டைம் ஓடுது, ஜல்தி" என்று சொல்லிவிட்டுப் பச்சைமுத்து போய்விட்டார். நான்குவழிச் சாலையின் ஓரத்தில், கதறும் குழந்தையும் தானுமாக, குறுக்கே கடக்க இடைவெளி பார்த்து சூசை மேரி நின்றார். அந்த நிலையில்தான், விக்கிரவாண்டியில் இளவரசி போட்ட கூச்சலில் தேடிப் புறப்பட்ட பைக்குகள் அவரைக் கண்டுபிடித்தன.

"சுத்தி நின்னுக்கினு ஆளுக்கொரு போன தூக்கிட்டானுங்க. ஒருத்தன் என் பொடவயப் புடிச்சிக்கினான், ஓடிடுவேன்னு. நான் எங்க ஓடறது? மூட்டு வலிக்கு மாத்திர சாப்புடறவ." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிப்பதில்லை. ரோந்து ஜீப் வந்தது தன் அதிர்ஷ்டம் என்கிறார். முதல் அடி விழுவதற்கு முன்னால் அது வந்துவிட்டது.

ஸ்டேஷனில் அவரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பெண் சப்-இன்ஸ்பெக்டர் அவர் கைப்பையை மேஜைமேல் கவிழ்த்தார். பால் பிஸ்கட் இரண்டு பாக்கெட். ஒரு கிலுகிலுப்பை. விலைச்சீட்டு பிரிக்காத ஒரு குழந்தைக் கவுன், மாதா கோயில் பாட்டுக் குழுவில் இருக்கும் ஒருத்தியின் பேத்திக்கு முதல் பிறந்தநாள் என்று எடுத்தது. கழுத்திலே டேப். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "புள்ள புடிக்கிறவ பையில இன்னா இன்னா இருக்கணுமோ எல்லாம் கரெக்டா இருக்குது மேடம்" என்றார்.

"குழந்த பேரு தெரியுமா உனக்கு?" என்றார் எஸ்.ஐ.

"பேரு தெரியாதுங்க மேடம். பதினெட்டு நம்பரு."

"இன்னாது?"

"கவுனு சைசு. அடுத்த மாசம் இருபது வேணும்."

எஸ்.ஐ. பேனாவை மூடினார். "அளவெடுத்துத்தான் தூக்குனியா?"

பிஸ்கட்டில் மயக்க மருந்து இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் வந்தது. நீயே தின்று காட்டு என்றார்கள். மத்தியானம் சரியாகச் சாப்பிடாததால் சூசை மேரி நாலைந்து தின்றுவிட்டு, டீ இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். "உனக்குப் புள்ளைங்க இல்லையா?" என்று எஸ்.ஐ. கேட்டதற்கு, "ரெண்டு இருக்குதுங்க மேடம், தடிமாடு மாரி. அதுங்கள எவனாச்சும் கடத்தினா தேவல" என்றாராம்.

ஆனால் பயந்துபோயிருந்ததையும் அவர் மறைப்பதில்லை. எடுத்த வீடியோ எந்நேரமும் கடை முதலாளி போனுக்கும் கோயில் குரூப்புக்கும் போய்ச் சேரும். கேஸ் போட்டால் அப்புறம் எந்தத் தாய் அவரை நம்பித் தன் குழந்தைக்குச் சட்டை போட்டுப் பார்க்கச் சொல்வாள்? எல்லாம் இளவரசியின் ஒரு வார்த்தையில் தொங்கியது. அந்த வார்த்தையைத்தான் அவள் மாற்றிச் சொல்லியிருந்தாள். பதற்றத்தில் புருஷனுக்குப் போன் செய்தபோது "எவகிட்ட குடுத்த?" என்று அவன் கத்தவும், "நான் குடுக்கல, கூட்டத்துல எவளோ தூக்கிக்கினு பூட்டா" என்று சொல்லிவிட்டாள். பிறகு அதிலிருந்து அவளால் இறங்க முடியவில்லை. புருஷன் தமிழ்மணி பனமலைப் பக்கத்திலிருந்து பைக்கில் பறந்து வந்து வாசலில் நின்று, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனில் முழங்கிக்கொண்டிருந்தான். வயல் சேறு இன்னும் காயாத கால்.

"நீதானம்மா குடுத்த, ஞாபகப்படுத்திப் பாரு" என்று சூசை மேரி இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். இளவரசி தரையைப் பார்த்தாள். கண்டக்டருக்குப் போன் போகவில்லை. புகார் எழுதி முடிந்துவிட்டது.

"வந்து கையெழுத்துப் போடு" என்றார் எஸ்.ஐ.

இளவரசி மேஜைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. நீட்டிய பேனாவை வாங்கக் கை இல்லை. அவள் சற்றே பக்கவாட்டில் திரும்பி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் குழந்தையைக் கொடுத்தாள். சூசை மேரியின் கைகள் அதற்கு முன்பே நீண்டிருந்தன. குழந்தை அலுங்காமல் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. இளவரசி குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

எஸ்.ஐ.யும் கான்ஸ்டபிளும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். 'இளவ' வரைக்கும் எழுதியவள், எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று தானும் திரும்பிப் பார்த்தாள்.

"யாருகிட்டம்மா குடுத்த புள்ளைய?" என்றார் எஸ்.ஐ. மெதுவாக.

பேனா விழுந்தது. "பஸ்லயும் நான்தான் மேடம் குடுத்தேன்" என்று இளவரசி அழ ஆரம்பித்தாள். "அக்கா நல்லவங்கதான் மேடம். இவருதான்... தெரிஞ்சா கொன்னுடுவாரு." வாசலில் தமிழ்மணி காதிலிருந்து போனை எடுத்துவிட்டான். போனின் அந்தப் பக்கம் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எஸ்.ஐ. அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாளை நான்காக மடித்தார்.

சூசை மேரிதான் முதலில் பேசினார். "மேடம், புள்ள ஈரம் பண்ணிடுச்சி. ஒரு பழைய துணி இருந்தா குடுங்க."

பையில் இருந்த புதுக் கவுனைக் குழந்தைக்கு மாட்டி அனுப்பினார்கள். பதினெட்டு நம்பர் கொஞ்சம் பிடித்ததாம்.

வழக்கு முடிந்தது, வீடியோ முடியவில்லை. அது சுற்றிக்கொண்டே இருந்தது. கடையில் ஒரு அம்மாள் அவரைப் பார்த்ததும் தன் பையனை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். முதலாளி சீனுவாசன், "கொஞ்ச நாளைக்கு ஆம்பளைங்க செக்சன் பாரும்மா" என்றார். பனியன் மடித்துக்கொண்டு கிடந்த காலத்தை ஜெயிலுக்குச் சமமாகத்தான் அவர் சொல்வார். சின்னப்பராஜ், இனிமேல் எவள் பிள்ளையையும் தொடக்கூடாது, தினமும் தானே வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். "நீ பஞ்சர் ஒட்டுன வண்டியிலயா? நான் பஸ்லயே போறேன்." ஆனால் பஸ்ஸில் கைப்பையை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்து வந்தார். பச்சைமுத்து இரண்டு நாள் ஏதேதோ பேசிப் பார்த்தார். மூன்றாவது நாள் சூசை மேரி வாயைத் திறந்தார். பஸ் முழுக்கக் கேட்டது. "ஊதறியே, பின்னாடி எவ எறங்குனா எவ ஏறுனான்னு பாத்து ஊதுனியாடா?" அதற்குப் பிறகு பச்சைமுத்து படியில் தொங்கி, பின்னால் எட்டிப் பார்த்த பிறகுதான் விசிலைத் தொடுகிறார்.

மடி திரும்ப நிறைந்தது தனியாக யாரும் முடிவு செய்து அல்ல. ஒரு நாள் எவளோ ஒருத்தி, கேட்காமல் கொள்ளாமல் கைப்பையின் மேலேயே தன் பையனை உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வீடியோவும் தெரியாது, ஒன்றும் தெரியாது. "எறங்குடான்னு சொல்லவா முடியும்?" என்றார் சூசை மேரி. கூடவே ஆடித் தள்ளுபடியும் வந்தது. கூட்டத்தில் முதலாளிக்குப் பயம் மறந்துபோய், "யாரும்மா அங்க, சூசையக்காவ பாப்பா செக்சனுக்கு அனுப்பு" என்று கத்தினார்.

இளவரசி வந்து பார்க்கவில்லை. தமிழ்மணிதான் ஒரு தடவை கடைக்கு வந்தான். ஒரு பை நிறைய மல்லாட்டையை, பச்சை வேர்க்கடலையை, கல்லாவில் வைத்தான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "பனியன் இருக்குதா?" என்றான். "தொண்ணூறா, தொண்ணூத்தஞ்சா?" என்று கேட்டு எடுத்துக் கொடுத்தார். "அவள அடிக்கிறியா?" என்றும் கேட்டார். "இல்லக்கா, சத்தியமா." மல்லாட்டையைக் கடையில் எல்லோரும் வேகவைத்துத் தின்றோம், பருப்பில்லாத பொக்கு அதிகம் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டதைத் தவிர, அந்தக் குடும்பத்தின்மேல் அவருக்கு வேறு குறை இருப்பதாகத் தெரியவில்லை.

போன வாரம் அதே பஸ்ஸில் நானும் இருந்தேன். சூசை மேரியின் மடியில் கைக்குழந்தை ஒன்று, கழுத்து டேப்பின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. திண்டிவனம் போகிற அதன் அம்மாவுக்கு விக்கிரவாண்டியில் பின்னால் ஒரு சீட் கிடைத்தது. உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. எத்தனை நாள் தூக்கமோ.

கூட்டேரிப்பட்டு வந்தது. பஸ் நின்றது. "அக்கா, உன் ஸ்டாப்பு" என்றார் பச்சைமுத்து. சூசை மேரி திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். வெளியே டீக்கடை விளக்கடியில் வண்டியோடு நின்ற சின்னப்பராஜ் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"அக்கா, எறங்கலியா? ஊதட்டுமா?"

சூசை மேரி குழந்தையின் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ஊது என்று தலையை ஆட்டினார்.