மூணுதட்டு அக்காவின் உப்புத் தொட்டி

சர்வீஸ்காரன் வீட்டுக்குள் இருந்தது மொத்தம் நான்கு நிமிடம். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செருப்பைக் கழற்ற ஒரு நிமிடம். போனில் யாரிடமோ "இதோ வந்துட்டேன், அடுத்து உங்க வீடுதான்" என்று சொல்ல ஒரு நிமிடம். மாடிப்படிக்கு அடியில் நிற்கும் தண்ணீர் மெஷினின் தலையில் இரண்டு பட்டனை அமுக்க ஒரு நிமிடம். மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில் தீர்ப்பு.

"ரெசின் போச்சும்மா. தலையும் போச்சு. புதுசா மாத்திடுங்க."

"உப்புத் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தியா தம்பி?"

"பார்க்க வேண்டியதே இல்லம்மா. பார்த்தாலே தெரியுது."

"பார்க்க வேண்டியதில்லையா, பார்த்தாலே தெரியுதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவன் சிரித்துச் சமாளித்தான். அவள் சிரிக்கவில்லை. வாசல் வரை அவன் பின்னாலேயே போய், அவன் வண்டியில் ஏறியதும் கேட்டைச் சாத்தினாள். சாத்திய வேகத்தில் தாழ்ப்பாள் தெறித்துத் திரும்பவும் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினாள்.

அவளுக்கு வயது அறுபத்தொன்று. அந்தத் தெருவில் அவளை மூணுதட்டு அக்கா என்றுதான் சொல்வார்கள். பெயர் வந்தது வேலையிலிருந்து. மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் விதையும் விற்கிற பெரிய கடை ஒன்றில் இருபத்தேழு வருஷம் அளந்து போட்டவள். தகர டப்பாவை நிரப்புவாள், மேஜையில் மூன்று முறை ஓங்கித் தட்டுவாள், உள்ளே இருப்பது அமுங்கி இறங்கும், இறங்கிய இடத்தில் இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவாள், அப்புறம்தான் பலகைத் துண்டால் மேலே வழிப்பாள். டம் டம் டம். கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் நின்றாலும் யார் அளக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

முதல் வருஷம் அவள் தட்டவில்லை. ஒரு நாள் கோழிப்பண்ணைக்காரன் ஒருவன் நாற்பது பேர் நிற்கிற வரிசையில் மூட்டையைக் கீழே போட்டு, "இவ அளவுல கை வைக்கிறா" என்று கத்தினான். மேலாளர் வந்தார். எல்லோர் முன்னாலும் மூட்டையைக் கொட்டித் திரும்ப அளக்கச் சொன்னார். அளவு சரியாக இருந்தது. மேலாளர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சரி, அடுத்த ஆள்." பண்ணைக்காரன் மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு போய்விட்டான். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. அன்றிலிருந்து தட்ட ஆரம்பித்தாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கதையைச் சொல்லும்போது அவளுக்கு மூக்கு விடைக்கும்.

அந்த ஊர்த் தண்ணீர் பூமிக்கு அடியில் வெகு ஆழத்திலிருந்து வருகிறது. குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும், பாத்திரம் காய்ந்தால் திட்டுத் திட்டாகும், சோப்பு நுரைக்காமல் திரித்திரியாகத் திரியும். அதனால்தான் அந்த மெஷின், சாஃப்ட்னர். ஓர் உயரமான உருளை, அதற்குள் கடுகைவிடச் சின்ன மணிகள், அவைதான் ரெசின். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை பக்கத்துத் தொட்டியிலிருந்து உப்புக் கரைசலை மெஷின் உறிஞ்சி, மணிகளை அலசி, பிடித்ததையெல்லாம் சாக்கடையில் விட்டுவிடும். கரைசல் வரவில்லையென்றால் மணிகள் அழுக்கோடு சும்மா உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

மூன்று வாரமாகத் தண்ணீர் கெட்டிருந்தது. மகள் நர்ஸ். இருபத்தெட்டு வயது. வேலையில் ஒரு நாளைக்கு அறுபது தடவை கை கழுவுகிறவள். வீட்டிலும் இந்தத் தண்ணீர் என்றதும் விரல் இடுக்குகள் வெடித்து ரத்தம் கசிந்தது. அதைப் பார்த்தால் தாய்க்கு வயிறு எரியும். எரிகிற வயிறு அவளுக்கு எப்போதும் வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

"நீ குளிக்கிற குளியலுக்கு எந்த மெஷின்டி தாங்கும்? அரை மணி நேரம்! தண்ணியை அள்ளிக் கொட்டினா மெஷின் என்ன பண்ணும்?"

"பத்து நிமிஷம்மா."

"நான் கடிகாரம் பார்த்தேன்."

இந்தச் சண்டை மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா காதுக்கும் போனது. போகாவிட்டாலும் இவளே போய்ச் சொல்லியிருப்பாள். சொல்லவும் சொன்னாள். "என் பொண்ணு தண்ணியை விட்டே மெஷினைக் கொன்னுட்டாக்கா."

அப்புறம் புதன்கிழமை. காலை டியூட்டிக்கு மகள் குளித்துக்கொண்டிருந்தாள். எட்டு நிமிடம் ஆனதும் இவள் கதவைத் தட்டினாள். ஒன்பதாவது நிமிடம் மெயின் குழாயை மூடிவிட்டாள். உள்ளே தலை நிறைய ஷாம்பு. மகள் கத்தவில்லை. துண்டைச் சுற்றி, மேலே ஒரு நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையில் நுரையோடு நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் அலசிவிட்டு வந்தாள். சாயங்காலம் சொன்னாள், குரல் உயராமல்: "ஞாயித்துக்கிழமை காலைல நான் ஹாஸ்டலுக்குப் போயிடறேன். ரூம் சொல்லியாச்சு."

"தண்ணிக்காகவா?"

"தண்ணிக்காக இல்லம்மா."

இப்போது சனிக்கிழமை பதினொரு மணி. மகள் டியூட்டியில். கூடத்தில் அவளுடைய நீலப் பெட்டி, பாதி அடுக்கியபடி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க! டார்ச்சை எடுத்துட்டு வாங்க."

கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். ஐந்து நாளும் முப்பது பிள்ளைகள் போடும் சத்தத்தில் இருந்துவிட்டு, சனிக்கிழமை நாற்காலியும் பேப்பருமாக அமைதி தேடுகிற மனிதர்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"அவனுக்குத் தெரியுமா?"

பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து வந்தார். வரும்போது மேஜை டிராயரிலிருந்து மெஷினோடு வந்த கையேட்டை எடுத்து வந்தார். நாலு வருஷமாக அது பிளாஸ்டிக் உறை கிழியாமல் கிடந்தது. 'உப்புப் போடறதுக்குப் புத்தகம் படிக்கணுமா?' என்று வாங்கிய அன்றே அவள் அதை உள்ளே தள்ளியிருந்தாள்.

"முதல்ல பைபாஸ் திருப்பணுமாம். தண்ணி மெஷினுக்குள்ள போகாம சுத்திப் போயிடும்."

திருப்பினாள். சமையலறைக் குழாயைத் திறந்து உள்ளே இருந்த அழுத்தத்தை வடித்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். மெஷின் தலையின் பக்கவாட்டில் இரண்டு திருகு, அதற்குள் ஒரு சின்னத் துண்டு. அதில் ஊசி முனை அளவு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பாயும் வேகத்தில்தான் உப்புக் கரைசல் உறிஞ்சப்படும் என்று கணவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"டார்ச்சை ஓட்டைல அடிங்க. என் மூஞ்சில என்ன இருக்கு?"

"முப்பத்திரண்டு வருஷமா பார்த்துட்டுதான் இருக்கேன்."

"வாயை மூடிட்டு நேரா பிடிங்க."

ஓட்டையில் துருத் துகள் ஒன்று உட்கார்ந்திருந்தது. பல்குத்தும் குச்சியால் எடுத்து, அலசி, திரும்ப மாட்டினாள். பாதி ஜெயித்த முகம். "இதுக்குப் புது மெஷினாம், புது மெஷின்! அந்தப் பய மட்டும் இப்ப என் கைல கிடைக்கணும்." பைபாஸைத் திரும்பத் திருப்பி, பிளக்கைச் செருகி, கையேடு சொன்ன பட்டனை அமுக்கிப் பிடித்தாள். மெஷின் உறுமியது. கால் மணி நேரம் தொட்டிக் குழாயில் விரலை வைத்துப் பார்த்தாள். கரைசல் ஏறியது. விரலில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள்.

உப்பே இல்லை. பேருக்கு ஒரு கரிப்பு, அவ்வளவுதான்.

"எப்படிங்க? தொட்டி நிறைய உப்பு இருக்கு!"

மூடியைத் திறந்தாள். விளிம்பு வரை வெள்ளை வெளேரென்று, மட்டப் பலகையால் வழித்த மாதிரி நிறைந்திருந்தது. ஞாயிறு தவறாமல் அவள் பார்த்துத் திருப்தியோடு மூடுகிற நிறைவு அது. மாதத்தின் முதல் ஞாயிறு அவளே கொட்டுவாள். கட்டி உப்பைப் போட்டால் நடுவில் இடுக்கு இடுக்காக இருக்கும், அது அவளுக்கு ஏமாற்று வேலையாகப் பட்டது. அதனால் சமையல் பொடி உப்பைத் தூவி இடுக்கை அடைப்பாள். துடைப்பக் கட்டையால் குத்துவாள். தொட்டியின் பக்கத்தில் கையால் டம் டம் டம். இறங்கிய இடத்தில் இன்னும் ஒரு கை.

கணவர் அடுத்த பக்கத்தைப் படித்தார். "உப்பு மேலே இறுகிக் கூரை மாதிரி ஆகி, அடியில் காலியாக இருக்கலாம். ஒரு கம்பால் தட்டிப் பார்க்கவும்."

அதே துடைப்பக் கட்டையை எடுத்துத் தட்டினாள். உள்ளே ஆள் இல்லாத அறைக் கதவைத் தட்டினதுபோல் கேட்டது. இரண்டு கையாலும் பிடித்து நடுவில் குத்தினாள். நாலு விரல் கனத்துக்கு ஓர் அடுக்கு உடைந்து, கட்டையோடு கையும் பொசுக்கென்று முழங்கை வரை உள்ளே போனது. டார்ச்சை வாங்கி அடித்தாள். உப்புக்கூரை. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாத வெற்றிடம், அதற்கும் கீழே கலங்கல் தண்ணீர். மூன்று வாரமாக ஒரு கல் உப்புகூடத் தண்ணீரைத் தொடவில்லை.

கணவர் படித்துக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"கண்ணாடி மங்கலா இருக்கு."

"கொடுங்க இங்க."

பிடுங்கினாள். 'பொடி உப்பு கலக்கக் கூடாது. உப்பை அழுத்தி நிரப்பக் கூடாது. தொட்டியை முழுவதும் நிரப்பக் கூடாது.' ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று வரி. மூன்று தட்டு.

கையேட்டைச் சுவரில் விட்டெறிந்தாள். சர்வீஸ்காரன் மூடியைத் திறக்காமலே சொன்னான். இவள் வாரா வாரம் திறந்து பார்த்துவிட்டு மகள்மேல் பழி சொன்னாள். இரண்டில் எது கேவலம்? கேள்வியைக் கேட்டுக்கொண்டதும் கோபம் இன்னும் ஏறியது, ஆனால் இந்தத் தடவை போக இடமில்லாமல் நின்றது. கணவர் மேல் காட்டலாம் என்று திரும்பினாள். அவர் புத்திசாலி, கையேட்டைப் பொறுக்குவதாகக் குனிந்துகொண்டார்.

மிச்ச நாள் முழுக்க அவளுக்குத் தொட்டி வேலைதான். வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கூரையைத் தளர்த்தினாள். பிளாஸ்டிக் சுவரில் படாமல் நடுவிலேயே குத்தி உடைத்தாள். ஒரு வாளி நிறைய உப்பு வெளியே வந்தது. அடியில் சேறு மாதிரி படிந்து கிடந்த கசடைக் குவளையால் அள்ளி, ஈரத்துணியால் துடைத்து, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். புதுக் கட்டி உப்பைப் பாதி அளவுக்குக் கொட்டினாள். கை தானாக எழுந்தது, தட்டுவதற்கு. அதை இன்னொரு கையால் பிடித்து இறக்கினாள். தண்ணீர் விட்டு, உப்பு கரைய மூன்று மணி நேரம் காத்திருந்து, பட்டனை அமுக்கினாள். ஒன்றரை மணி நேரம் மெஷின் உறிஞ்சி அலசி முடித்தபோது விளக்குப் போடும் நேரம். ஒரு பாட்டிலில் தண்ணீரும் சோப்புத் துண்டும் போட்டுக் குலுக்கினாள். பாட்டில் கழுத்து வரை நுரை. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஞாயிறு காலை. பெட்டி மூடி, ஜிப் இழுத்து, வாசலில் நின்றது. மகள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் நில்லு."

"அம்மா, காலைலயே வேண்டாம்."

"நில்லுன்னா நில்லு!"

உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தாள். தட்டில் கருங்கல் மாதிரி இறுகிய ஓர் உப்புப் பாளம், துடைப்பக் கட்டையின் தடம் அதில் வட்டமாகப் பதிந்திருந்தது. அதை ஏந்திக்கொண்டு மகளைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். தையல்கார அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். வாயில் நாலு ஊசி.

"அக்கா! என் பொண்ணு தண்ணியை விட்டு மெஷினைக் கொன்னுட்டான்னு சொன்னேன்ல? அவ ஒண்ணும் பண்ணல. இதோ பாருங்க. நான்தான் உப்பைக் குத்திக் குத்திக் கல்லாக்கி வச்சிருந்தேன். நான் தப்பா சொல்லிட்டேன்."

ஊசியோடு பேச முடியாமல் தையல்கார அக்கா கண்ணை மட்டும் விரித்தாள். எதிர் வீட்டில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?" என்று அவரையும் அதட்டினாள். அவர் அவசரமாகத் தலையாட்டினார்.

திரும்பி வந்தபோது மகள் பெட்டியோடு கேட்டருகே நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பா வேறு ஏதாவதா, தெரியவில்லை.

"தெருவுக்கே சொல்லணுமா?"

"தெருவுக்கே கேட்கிற மாதிரிதானே உன்னைத் திட்டினேன்."

மகள் தட்டிலிருந்த பாளத்தை எடுத்துக் கையில் கனம் பார்த்தாள். "குழாயை மூடினது?"

"அதுவும் நான்தான். அதுவும் தப்பு." சொல்லும்போது யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருந்தது குரல்.

மகள் பாளத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். அப்புறம், "ஒரு மாசம் பார்க்கறேன்" என்றாள். "குளியலறைக் கதவைத் தட்டக் கூடாது. இனிமே உப்பு நான்தான் போடுவேன். பாதிக்கு மேல போட மாட்டேன். நீ தொட்டியைத் தொடவே கூடாது."

"பாதியா? பாதி எதுக்குடி காணும்..." என்று ஆரம்பித்தவள், பெட்டியின் கைப்பிடியில் இருந்த மகளின் விரல்களைப் பார்த்தாள். வெடித்த இடுக்கில் மருந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது. "சரி."

பெட்டி உள்ளே போனது.

அடுத்த ஞாயிறு மகள் குளித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிடம். மூணுதட்டு அக்கா கடிகாரத்தின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மாடிப்படிக்கு அடியில் போய் மூடியை ஓசைப்படாமல் தூக்கினாள். பாதித் தொட்டி. கட்டிகள் ஏனோதானோவென்று ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, இடுக்கு இடுக்காக, பார்க்கவே அவளுக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்திலேயே ஒரு பாக்கெட் உப்பு பிரிக்காமல் இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு மூடியை மூடினாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவில்லை. சமையலறைக்குப் போய், அங்கிருந்த டீத்தூள் டப்பாவை எடுத்து மேடையில் மூன்று முறை ஓங்கித் தட்டினாள்.