நின்றுபோன மணிக்கூடும் நித்திரையில் அசைந்த கையும்

மணிக்கூடு திருத்துகிறவனிடம் சிரித்த முகத்தோடு ஒருத்தரும் வருவதில்லை. நின்றால் தேடி வருவார்கள், ஓடினால் மறந்துவிடுவார்கள். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்தபடியே முதுகு கூனிப்போன என் சகபாடிகளே, உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியவேணுமா? அதிலும் பற்றரி இல்லாத, சுருள்வில்லில் ஓடுகிற மணிக்கூடு எண்டால் கடவுளே எண்டிருக்கும்.

வாவிக்குள் விழுந்தது

கையில் கட்டின மணிக்கூட்டோடு தோணியால் வாவிக்குள் விழுந்த ஒருவர் நேரே என்னிடம் வந்திருந்தால் அந்த மணிக்கூடு பிழைத்திருக்கும். மனிசன் வரவில்லை. உப்புத் தண்ணி போகட்டும் எண்டு மூடியைக் கத்தியால் நெம்பி, கிணத்துத் தண்ணியில் அலசி, கருவாட்டோடு சேர்த்துத் தகரத்தில் காயப்போட்டிருக்கிறார். பிறகு கறள் பிடிக்குமெண்ட பயத்தில் தேங்காயெண்ணெயும் விட்டிருக்கிறார். திறந்து பார்த்தேன். உள்ளே எண்ணெயில் பொரிக்காத குறைதான். தலையில் கைவைத்துக்கொண்டு இருந்த என்னைப் பார்த்து அவர் ஆறுதலாகச் சொன்னார்: “எல்லாம் நானே செஞ்சு முடிச்சிட்டன் அண்ணன், நீங்க ஓட மட்டும் விடுங்க.”

அலுமாரிக்குள் செத்தது

தானாகச் சாவி ஏறுகிற மணிக்கூடு எண்டு ஒரு சாதி இருக்கிறது. அதுக்குள் அரைவட்டத் தகடு ஒண்டு கிடக்கும். கை அசைய அசையத் தகடு சுத்தும், அந்தச் சுத்தில்தான் வில் முறுகும். கையில் கட்டாமல் வைத்தால் இரண்டொரு நாளில் நின்றுவிடும். சில ரகங்களில் திருகிச் சாவி கொடுக்கவும் வழியில்லை.

கட்டாரிலிருந்து வந்த காத்தான்குடிக்காரர் ஒருவர் அப்படியொரு மணிக்கூட்டை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, செத்துப்போச்செண்டு கொண்டுவந்தார். வாங்கிக் குலுக்கினேன், ஓடியது. சந்தோசப்படுவார் எண்டு பார்த்தால் முகம் கடுகடுத்துப்போச்சு. “இதை நான் ஊட்டுல இருந்தே குலுக்கியிருப்பனே, இதுக்கொரு கடை வேற வச்சிருக்கீங்களா?”

மூன்று தரம் வந்தது

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு அம்மா வந்தா. புருசனுடைய மணிக்கூடு, அதே தானாகச் சாவி ஏறுகிற சாதி. பழைய எண்ணெய் இறுகிப்போய்க் கிடந்தது. முழுதாகக் கழற்றிக் கழுவி, எண்ணெயிட்டு, என் கையிலேயே கட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். குதிரை மாதிரி ஓடியது. கொஞ்ச நாளில் திரும்பி வந்தா, நிண்டுபோச்செண்டு. மறுகா கட்டிப் பார்த்தேன், என் கையில் ஓடுது. அவர் கையில் போனால் நிக்குது. “கழட்டிக் கிழட்டி வைக்கிறாரா?” எண்டு கேட்டேன். “இரவு பகல் கழட்டுறதே இல்ல” எண்டா. எனக்கு விசர் பிடிக்காத குறை. என் கண்ணிலும் கையிலும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாந் தரம் வந்தபோது கடையில் நாலு பேர் நின்றார்கள். அவ்வளவு பேருக்கும் கேட்கத்தக்கதாகச் சத்தம் போட்டா: “பாரிசவாதம் வந்து பாயில கிடக்கிற மனிசனை ஏமாத்தி உங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது?”

சோத்துக்கை

அப்போதுதான் விளங்கியது. கடையைப் பூட்டிவிட்டு அவவோடேயே பஸ் ஏறினேன். மனிசன் ஒரு காலத்தில் வயல் வட்டைக்குள் இறங்கினால் பொழுதுபட்டுத்தான் கரையேறுவாராம். மணிக்கூடு அந்த நாளில் ஒருக்காலும் நின்றதில்லையாம். இப்போது இடது பக்கம் முழுக்க விழுந்து கிடந்தார். தலையணையில் வைத்த இடக்கை வைத்தபடி இருந்தது, மணிக்கூடும் அதில்தான்.

“ஐயா, மணிக்கூட்டில பிழையில்ல. கை அசைஞ்சாத்தான் இது ஓடும். மற்றக் கைக்கு மாத்திக் கட்டுங்க” எண்டு சொன்னேன். அவர் நல்ல கையால் இடக்கையைத் தடவினார். “சோத்துக்கைக்கு மாத்தினா, இந்தக் கை இனி வராதெண்டு நானே ஒத்துக்கொண்டமாதிரித் தம்பி.”

ஓடுது

வேலிப் படலை வரைக்கும் என்னோடு வந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இதுக்கொரு வழி கேட்டா. மருந்து குடித்து அவர் உறங்குகிற நேரம் மெதுவாகக் கழற்றி, தன் கையில் கட்டிக்கொண்டு வாசல் முத்தம் கூட்டச் சொன்னேன், தேங்காய் துருவச் சொன்னேன். எழும்ப முன்னம் திரும்பக் கட்டிவிட்டால் போதும். அவ அப்படியே செய்திருக்கிறா.

சில கிழமைக்குப் பிறகு, அவர் என்னைக் காணவேணுமாம் எண்டு ரெலிபோன் கோல் வந்தது. போனேன். மனிசன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நல்ல கையால் என் கையை இறுக்கிப் பிடித்து நெஞ்சில் வைத்தார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றா, என் முகத்தைப் பார்க்கவேயில்லை. மனிசன் சொன்னார்: “தம்பி, நித்திரையில இந்தக் கை அசையுது, எனக்குத்தான் தெரியல்ல. இல்லாட்டி இது எப்பிடி ஓடும், நீங்கதானே சொன்னீங்க?”

ஒழுங்காகத் திருத்திக் கொடுத்தபோது ஏமாற்றுக்காரன் எண்டு பேச்சு வாங்கி, ஏமாற்றியபோது நெஞ்சார நன்றி வாங்கினவன் நான், எங்கட தொழிலின் சிறப்பு அப்படி.