சுவர் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும்

இந்திரா அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் கீரமங்கலத்தில் ஒரு வளைகாப்பைப் படம்பிடித்துக்கொண்டிருந்தேன். வளையல் அடுக்கும் நேரம். கேமராவை இறக்க முடியாது. சட்டைப்பையில் போன் அதிர்ந்து நின்றது, மறுபடி அதிர்ந்தது. வேலை நேரம் என்று தெரிந்தால் விடாமல் அழைக்கிற ஆள் இல்லை அவர். ஓரமாக ஒதுங்கி எடுத்தால், பேசியது அவருடைய மாமியார் பாக்கியத்தம்மாள்.

"தம்பி, இந்திரா போயிட்டாப்பா. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சுருச்சு."

நம் பக்கத்துக் கல்யாண வீடியோக்காரர்கள் பலருக்கும் அக்காவைத் தெரியும். நாம் எடுத்துக் கொட்டியதையெல்லாம் வெட்டி ஒட்டி, நிறம் சரிசெய்து, பார்க்கும்படி ஆக்கியது அவர்தான். திருக்கோகர்ணத்தில் அவர் வீட்டின் பக்கவாட்டு அறைக்குள் செருப்போடு நுழைந்து திட்டு வாங்காதவர் யார்?

அந்த அறை முதலில் கிளிப்பச்சை. வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவர் விடுமுறையில் வந்தபோது, சமையலறைக்கு வாங்கிய பெயிண்டில் மிஞ்சியதை ஆசையாக அங்கே அடித்துவிட்டுப் போனார். வந்தது வினை. ஆவுடையார்கோவில் பக்கத்துக் கல்யாணம் ஒன்றை அக்கா அங்கே உட்கார்ந்துதான் முடித்தார். சுற்றிலும் பச்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் திரையில் எல்லா முகமும் சிவந்து தெரிந்திருக்கிறது. சிவப்பைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். பெண் வீட்டில் சம்பந்திகளைக் கூட்டிவைத்து டிவியில் போட்டால், மஞ்சள் பூசிய மணப்பெண் காமாலை வந்தவள்போல் இருந்தாள்.

பெண்ணின் அப்பா நேரே அக்கா வீட்டுக்கு வந்தார்; நானும் அப்போது அங்கே இருந்தேன். "சம்பந்தி வீட்டுல, பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேக்குறாங்கம்மா. நான் என்ன சொல்லட்டும்?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அக்கா அந்த மனிதரை வெயில் வராத, வெள்ளையடித்த கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, மடிக்கணினியை அங்கேயே கொண்டுவந்து திறந்தார். திரையைப் பார்த்தார், பச்சை அறையைத் திரும்பிப் பார்த்தார். "தப்பு என் கண்ணுல இல்ல, செவுத்துல இருக்கு. திருத்தித் தாரேன், இருங்க" என்றார். சொன்னபடி திருத்தியும் கொடுத்தார்.

அடுத்தது வீட்டுச் சண்டை. அந்த அறைக்கு அடிக்க, அக்கா பெயிண்ட் கடை நிற அட்டையில் சாம்பல் நிறத்தைக் காட்டியதும் பாக்கியத்தம்மாள் கொதித்துப்போனார். "சுடுகாட்டு நெறத்த வீட்டுக்குள்ள அடிப்பியா? எம்மவன் கடல் கடந்து கெடக்கான்." சுவரில் இருந்த சாமி படங்களையும் சிவப்புப் பிளாஸ்டிக் மாலையையும் அக்கா கழற்றி நாற்காலிக்குப் பின்பக்கச் சுவரில் மாட்டியபோது இன்னும் மோசம். "சாமிக்கு முதுகு காட்டி ஒக்காருவியா நீ?"

"முன்னாடி செவப்பு இருந்தா கண்ணு ஏமாறும் அத்தை. செவுரு வாய மூடிக்கிட்டு இருக்கணும். படத்துல உள்ளவங்கதான் பேசணும்."

மாமியார் பல நாள் மருமகளோடு பேசவில்லை. புதுச் சாம்பல் சுவரில், திரைக்கு நேர் மேலே, வேண்டுமென்றே ஒரு பெரிய குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். அக்கா அதை அழிக்கவில்லை. வேலை செய்யும்போது மட்டும் ஒரு சாம்பல் துணியைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. "சிரிக்காதடா, அவுக பயம் அவுகளுக்கு" என்று என்னை அதட்டினார்.

கருமாதி முடிந்த மறுநாள் போனேன். அக்கா பாதியில் விட்ட கல்யாணம் ஒன்று அந்தக் கணினியில் கிடந்தது, நான் எடுத்தது. அதை எப்படிக் கேட்பது என்று தவித்துக்கொண்டு நின்றால், அறை வாசலில் வெள்ளைப் பெயிண்ட் வாளி இருந்தது. அக்கா கணவரின் சித்தப்பா பெயிண்ட் அடிக்கும் ஆளோடு நின்றார். "அந்த நெறந்தான் ஆளக் கொண்டுபோயிருச்சு. மொதல்ல வெள்ளையடிங்க. நடுச் செவுத்துல அவ படத்த மாட்டுங்க." துக்கத்துக்கு ஊர் வந்திருந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளையடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? எல்லாரும் பாக்கியத்தம்மாளைப் பார்த்தோம். முதலில் சாம்பல் வேண்டாம் என்றவர் அவர்தானே.

அவர் மாலை போட்ட படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முன்சுவரைத் தாண்டி, நாற்காலிக்குப் பின்னால், சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். திரும்பி வந்து குங்குமத்தின்மேல் சாம்பல் துணியை இறக்கிவிட்டார்.

"வாளியத் தூக்கிட்டு அங்கிட்டுப் போங்க" என்றார். "செவுரு வாய மூடிக்கிட்டு இருக்கணும்னு சொல்லுவா." பிறகு என்னிடம், "நீ ஒக்காரு தம்பி. அவ பாதியில விட்ட கல்யாணப் பொண்ணு மூஞ்சிய நல்லபடியா முடிச்சுக் குடு."

உட்கார்ந்தேன். அக்காவுக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு சிவப்பைக் கொஞ்சம் கூட்டினேன். "போதும்டா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வராதா என்று இருந்தது.

அன்று அக்கா மாமியாரிடம் காட்டிய நிற அட்டை மேசையிலேயே கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது என் கேமராப் பையில் இருக்கிறது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், முதலில் அந்தச் சாம்பலைப் பார்த்துவிட்டுத்தான் மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்கிறேன்.